மூன்றாவது பாரா

எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கும்போது எனக்கு ஒரு கட்டுரைப் பரிசு கிடைத்தது. பரிசோடு இரண்டாம் ஆண்டுப் படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் உதவித்தொகையாக வந்தன. அந்தக் கட்டுரையில் ஒரு பொய் இருந்தது. அம்மாவைப் பற்றிய பொய். அதற்காக அம்மா என்னைத் திட்டவில்லை, அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவள் மறுபடி ஒரே ஒரு தடவையாவது ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்துக்கிடந்தேன்.

எதற்கு இப்படி ஒரு ஆசை என்று கேட்டால் எங்கள் லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். எல்லாம் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அம்மா பாவாடை கட்டிய வயதில் கப்பலேறி வந்தவள். கொழுந்து பறித்தே என்னை வளர்த்தாள். அப்பா நான் மூன்றாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

எங்கள் ஆட்கள் காகிதத்தைக் கடதாசி என்பார்கள். இங்கிலீஷில் எழுதிய கடதாசி என்றால் அது எஸ்டேட் ஆபீஸுக்குப் போகும் மனுதான். அந்த மொழியில் ஆட்கள் கதை எழுதுவார்கள், காதல் கடிதம் எழுதுவார்கள் என்பதெல்லாம் லைனில் யாருக்கும் தோன்றியதில்லை. தமிழில் எழுதினாலும் ஆபீஸில் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் இங்கிலீஷில் இருந்தால் மேனேஜர் மேசை வரைக்கும் போகும் என்று ஒரு நம்பிக்கை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து லைனுக்கு மனு எழுதுகிறவள் நான்தான். லீவு, கூரைத் தகடு, கம்பளி, ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் இரண்டு மூன்று பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அவர்களுக்கு டீ போடுவாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பெருமை தெரியும். மேஸ்திரியின் மனைவிக்குக்கூட அவ்வளவு இருக்காது.

மனுவுக்கு ஒரு வடிவம் உண்டு. எனக்கு முன்னால் எழுதியவர்கள் வழியாக வந்தது. முதல் பாராவில் பெயர், லைன், எத்தனை வருட சர்வீஸ். இரண்டாவதில் கஷ்டம். மூன்றாவது பாராவில், எனக்கென்று யாரும் இல்லை, தங்களைத் தவிர வேறு ஆதரவு கிடையாது. இந்த மூன்றாவது பாரா இல்லாத மனு மனுவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தைக்குக் கால் முறிந்தபோது அவளுக்கும் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போது தடிமாடு மாதிரி அவளுடைய மூன்று மகன்கள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க ஆபீஸ் கிளார்க் வந்த அன்று மூன்று பேரும் தேயிலைக்குள் ஒளிய ஓடினார்கள். அவர்களில் மூத்தவனை வழியில் பார்த்த கிளார்க், யாரப்பா நீ என்று கேட்டதற்கு, பக்கத்து வீடுங்க சார் என்றானாம். கிளார்க்குக்கும் விஷயம் தெரியும். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆபீஸ் ஃபைலை எடுத்துப் பார்த்தால் எங்கள் லைன் முழுக்க அநாதைகள். ஒவ்வொரு வீட்டிலும் ஆறு பேர் சாப்பிடும் அநாதைகள்.

இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. அது ஆபீஸுக்கு எழுதுவது, அவ்வளவுதான்.

பி.ஏ. மூன்று வருடமும் ஊட்டிக்கு பஸ்ஸில் போய் வந்து படித்தேன். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்குள் கிளம்ப வேண்டும். லைனிலிருந்து மெயின் ரோட்டுக்கு எஸ்டேட் பாதையில் ஒன்றரை மைல் இருக்கும். அம்மா முன்னால் நடப்பாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பழைய ஈயத் தட்டும் கரண்டியும். காட்டெருமை விலகிப் போகட்டும் என்று தட்டிக்கொண்டே போவாள். நான் இரண்டு அடி பின்னால் காதைப் பொத்திக்கொண்டு போவேன். அந்தச் சத்தம் எனக்கு மானக்கேடாக இருந்தது. பஸ்ஸில் ஏற்றிவிட்டு அம்மா அதே வேகத்தில் திரும்பிப் போய், ரெண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு மஸ்டரில் பேர் கொடுக்க ஓடுவாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை.

எம்.ஏ.வுக்கு ஹாஸ்டல் கிடைத்தது. தட்டுச் சத்தம் இல்லாத நிம்மதியான காலை என்று நினைத்துத்தான் போனேன். அங்கேதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். என் வகுப்பில் பாதிப் பேர் கான்வென்டில் படித்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. நான் வாயைத் திறந்தால் பொறுமையாகக் கேட்பார்கள். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பேசும் இங்கிலீஷ் மனு வாசிப்பதுபோல இருக்கும். மிகவும் பணிவுடன், தயவுசெய்து, தங்களின் மேலான கவனத்துக்கு என்றுதான் எனக்கு வரும். ஒரு தடவை கேன்டீனில் உப்பு கேட்டேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு லைப்ரரிக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். அங்கே வெயில் பதினொரு மணிக்கு மேல் வராது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

ஊருக்கு வந்தாலும் தனியாகத்தான் இருந்தேன். படித்த நாவலைப் பற்றி லைனில் யாரிடம் பேசுவது? அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். ம், ம் என்று கேட்பாள். கடைசியில், "அந்தப் புள்ளைக்கு அப்புறம் வேலை கெடச்சிச்சா?" என்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரும். அதை வெளியில் சொல்ல முடியாததால் இன்னும் கோபம் வரும்.

அந்த வருடம் ஒரு டிரஸ்ட், மலையில் இருக்கும் கல்லூரிகளில் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. 'நான் படித்த இடம்' என்று தலைப்பு. ஜெயித்தால் இரண்டாம் ஆண்டு முழுக்க அவர்கள் செலவு. கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் எஸ்டேட் பெண்கள் எல்லாரையும் போல திருப்பூர் மில்லுக்குப் போவது என்று நானும் அம்மாவும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம்.

வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். எங்கள் ஒற்றை அறை, மழையில் ஒழுகும் மூலை, அம்மா விறகு காயவைக்கும் அடுப்பு மேடு, எல்லாம் நன்றாக வந்தது. மூன்றாவது பாராவுக்கு வந்தபோது கை தானாகப் போயிற்று. வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். காட்டெருமை திரியும் பாதையில் மூன்று வருடம் இருட்டில் தன்னந்தனியாக நடந்து பஸ்ஸுக்குப் போனேன் என்றும் எழுதினேன். பழக்க தோஷத்தில் விழுந்த வரி என்று பிறகு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். எழுதும்போது அது உண்மை மாதிரியே இருந்தது. எழுதிவிட்டு நான் அழக்கூடச் செய்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கட்டுரையை யாரிடமாவது வாசித்துக் காட்ட வேண்டும் போல இருந்தது. அவளிடம் இங்கிலீஷிலேயே முழுக்க வாசித்தேன். மூன்றாவது பாராவையும் விடாமல் வாசித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, மாரியம்மன் கோயிலில் மந்திரம் கேட்பது போலக் கேட்டாள். முடித்ததும், "நல்லா இருக்கு புள்ள. நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

இதற்குக் கையெழுத்து வேண்டாம் என்றேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று தமிழில் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பரிசு எனக்குத்தான் என்று எங்கள் துறைத் தலைவி மேடம் கூப்பிட்டுச் சொன்னபோது தலைகால் புரியவில்லை. விழாவுக்கு நீ வர வேண்டாம், சும்மா லீவு போடாதே என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அப்போதே உள்ளூர ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அவள் சரி சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மேடையில் உட்கார்ந்திருந்த நான் கடைசி வரிசையில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் அத்தை, மூத்த மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையோடு. பச்சைக் கொழுந்து கொட்டும் சீசன் அது. இரண்டு பேரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

கட்டுரையை நானே வாசித்தேன். இங்கிலீஷில் இருந்ததால் பயமில்லை. வாசித்து முடித்ததும் மேடம் மைக்கை வாங்கினார். நல்ல மனுஷி. அரங்கில் நிறையப் பெற்றோர் இருப்பதைப் பார்த்து, அவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் சுருக்கிச் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்கு வீட்டுல தனக்குன்னு சொல்லிக்க யாருமே இல்லை. காட்டெருமை திரியற பாதையில, இருட்டுல, மூணு வருஷம் தன்னந்தனியா நடந்து வந்து படிச்சிருக்கா. நமக்கெல்லாம் அது பாடம்."

எல்லாரும் கை தட்டினார்கள். அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளும் கை தட்டினாள். கொழுந்து பறித்துக் கறை ஏறிய கை, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது.

விழா முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். அம்மாவும் அத்தையும் சுவரோரம் நின்றிருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் போனேன், மேடமும் என்னோடு வந்துவிட்டார். "இவங்க யாரும்மா? உன்னைப் பார்க்க வந்தவங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பக்கத்து வீடுங்க மேடம். நல்ல புள்ளைங்க அது. நீங்கதான் பாத்துக்கணும்" என்று கும்பிட்டாள்.

விசாரிக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். உண்மை தெரிந்தால் பரிசைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்துவிட்டாள். எங்கள் லைன் ஆட்கள் வேறு எப்படியும் நினைத்திருக்க முடியாது. இல்லை மேடம், இது என் அம்மா என்று சொல்ல எனக்கு இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடியும் எனக்கு இருந்தது. மேடம் அவர்கள் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னார், அக்கம்பக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். நான் டீயைக் குடித்துக்கொண்டு நின்றேன். சூடாகக்கூட இல்லை அந்த டீ.

பஸ் ஸ்டாண்டு வரை அவர்களோடு போனேன். அத்தைக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏன் புள்ள, அம்மா செத்துப் போச்சுன்னா எழுதுன?" என்றாள்.

"நம்ம கடதாசி எல்லாம் அப்படித்தானே. ஒனக்கும் அப்படித்தானே எழுதுனா" என்றாள் அம்மா.

"அது ஆபீசுக்கு. அதை எவன் வாசிச்சான்? இது அத்தனை பேரு முன்னால மைக்குல இல்ல சொல்லுறாங்க."

அம்மா கோத்தகிரி பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது, குளிருது, உள்ள போ என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போன சனிக்கிழமைகளில் வாசலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவைதான் உறைத்தது. மனு எழுத வேண்டியது இல்லையா என்று அத்தையிடம் கேட்டேன். நீ பெரிய படிப்பு படிக்கிறவ, ஒனக்கு எதுக்குச் செரமம் என்றாள். லைனில் எல்லாரும் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். பரீட்சை எப்படி, ஹாஸ்டலில் சோறு எப்படி என்று விசாரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அம்மா டீ போடுவாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடிப்போம். டிவி ஓடும். ஒரு தடவை அவளுடைய லீவுக் கடதாசி எழுதித் தரவா என்று நானாகக் கேட்டேன். மேஸ்திரிகிட்ட வாயால சொல்லிட்டேன் புள்ள என்றாள்.

ஹாஸ்டலில் இருந்த தனிமைக்காவது ஒரு பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு நான் யாரோ, அதனால் தனிமை. இங்கே பெற்றவள் எதிரில் உட்கார்ந்து டீ ஆற்றிக் கொடுக்கிறாள், இதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திரும்பி வருவேன். மனு எழுதத் தெரிந்தவளுக்கு அது வரவில்லை.

இரண்டாம் ஆண்டில் மேடம் அந்தக் கட்டுரையை ஒரு பெரிய ஸ்காலர்ஷிப்புக்கு அனுப்பச் சொன்னார். வெளிநாட்டில் படிக்க. உன் தனிமைதான் அதில் பலமே, அதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுது என்றார். நான் உட்கார்ந்து மூன்றாவது பாராவை அடித்துவிட்டேன். தட்டைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தவளை அங்கே எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் அது நன்றாக இல்லை. பரிசு வாங்கிய கட்டுரை அதைவிட எத்தனையோ மடங்கு நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டையும் அனுப்பவில்லை. கடைசித் தேதி போன பிறகு மேடம் என்னோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

அந்தப் பங்குனியில் அம்மாவுக்கு ரிடையர்மெண்ட். எஸ்டேட் வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாரும் எஸ்டேட்டில் வேலை செய்யாவிட்டால் உடனே. ஆதரவில்லாதவர்கள் என்றால் மட்டும் ஆபீஸ் மனம் வைத்து ஒரு வருடம், இரண்டு வருடம் விட்டுவைக்கும். அதற்கு மனு எழுத வேண்டும். இதற்காவது என்னிடம் வருவாள் என்று நான் நினைத்தேன். எழுத வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒரு ஆபீஸ் கவரை நீட்டினாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேராக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றாள்.

அது மனு இல்லை, மனுவுக்கு வந்த பதில். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. யார் எழுதித் தந்தது என்று கேட்டேன். கோத்தகிரி ஜெராக்ஸ் கடையில் எழுதித் தந்தார்கள் என்றாள். இங்கிலீஷில் இருந்த பதிலைப் பிரித்துப் படித்தேன். தங்களைப் பார்த்துக்கொள்ள, கல்லூரியில் படிக்கும் மகள் இருப்பதாகத் தாங்களே மனுவில் குறிப்பிட்டிருப்பதால், வீட்டில் தொடர்ந்து இருக்க அனுமதிக்க இயலவில்லை என்று இருந்தது.

"மக இருக்கான்னு ஏம்மா எழுதச் சொன்ன? அப்படி எழுதினா எப்படிக் குடுப்பாங்க?"

"கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு. ஏனுங்கம்மா, யாரும் இல்லைன்னு போட்டாத்தான் ஊடு கெடைக்குமுங்கன்னாரு. நான் வேணாம்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஓங்கிட்ட வந்து கேக்க எனக்கு மொகம் ஏது? அன்னைக்கு அந்த மேடம் கேட்டப்ப, நான் பக்கத்து வீடுன்னுட்டேன். பெத்த புள்ளைய வச்சுக்கிட்டு இல்லேன்னுட்டேன். நீ அப்படியே நின்ன. அதுலருந்து ஒன் மொகமே சரியில்ல. எனக்குத் தெரியாதா? அதான், இந்தக் கடதாசியிலயாச்சும் ஒன்னச் சேத்துப் போடுவோம்னு போட்டேன்."

தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அது கிடக்கட்டும், என்ன எழுதியிருக்கிறார்கள், வீட்டில் இருக்க எத்தனை நாள் தந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். தாளில் காலி செய்ய வேண்டிய தேதி தெளிவாக அச்சாகியிருந்தது. அதை நான் அவளுக்குத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.